பகல் காட்சிக்கு மட்டும் வருகிறவர்

அத்தியாயம் 9

“இருட்டுல உக்காந்து யாரோ என்னைப் படம் எடுக்கறாங்க,” என்றாள் நடிகை. “எடுத்து எனக்கே தபால்ல அனுப்பறாங்க.”

எங்கள் மேஜைமேல் ஆறு புகைப்படங்களைப் பரப்பினாள். மேஜை ஒருமுறை ஆடி நின்றது. அதற்கு நான்கு கால்கள். மூன்றுதான் வேலை செய்யும். நான்காவதற்கு அடியில் ஏதோ ஒரு நோட்டீஸை மடித்துச் சொருகியிருந்தேன். இந்த அலுவலகத்தின் வளர்ச்சிக்கு நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் துப்பறிவாளர். என் அம்மாவின் தங்கை. வெளியாள் இருக்கும்போது ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டும், போனதும் ‘சித்தி’. வாய் தவறினால் அன்று முழுக்க என் பெயர் ‘இவன்’. மற்ற நாட்களில் ‘வாலு’. ஆட்களின் பின்னாலேயே போகிற உத்தியோகம் என்பதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். அம்மா வேறு காரணம் சொல்வாள்.

“மிரட்டல் ஏதாவது?” என்றார் சித்தி.

“இல்ல. இருந்தாக்கூடப் பரவாயில்ல, என்ன வேணும்னு தெரிஞ்சிடும். கடிதம் கிடையாது, பேர் கிடையாது. வாரத்துக்கு ஒரு கவர், உள்ள ஒரு படம். தியேட்டர் விலாசத்துக்கு வருது.”

முதல் படத்தைக் கையில் எடுத்தேன். மேடை கும்மிருட்டாக இருந்தது, நடுவில் மங்கலாக ஒரு நீலத் தீற்றல். முன்வரிசையில் ஒருவருடைய வழுக்கை மட்டும் பௌர்ணமியாக எரிந்தது.

“ஒருவேளை இவரோட ரசிகரா இருக்குமோ?”

நடிகை சிரிக்கவில்லை. சித்தி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மேஜை மறுபடி ஆடியது.

“ஞாயித்துக்கிழமை பகல் காட்சிதான் கடைசி,” என்றாள் அவள். “முடிஞ்ச கையோட எங்க குழு வேன்ல கிளம்புது. வருஷம் பூரா ஊர் ஊரா நாடகம். அதுக்குள்ள ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும். தெரியாமப் போனேன்னா, எந்த மேடையில நின்னாலும் எதிர்ல இருட்டுல இருக்கற ஒவ்வொரு தலையும் அந்த ஆளாத்தான் தெரியும். வசனம் வராது எனக்கு.”

“யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?”

“யார் மேலயும் இல்ல. ஒருத்தர் இல்லைன்னு மட்டும் நிச்சயமாத் தெரியும். என் வீட்டுக்காரர். அதாவது, இருந்தவர்.”

“ஏன் அவ்வளவு நிச்சயம்?”

“தையல் கடையில கட்டிங் மாஸ்டர். ஒன்பது வருஷம் கூட இருந்தார். ஒரு நாடகத்துக்கு வந்ததில்ல. கூப்பிட்டா ‘சாயங்காலம் வேலை இருக்கு’ன்னுடுவார். வேலையும் இருக்காது ஒண்ணும் இருக்காது. வீட்டுல எல்லா லைட்டையும் போட்டுட்டு நடுவுல சும்மா உக்காந்திருப்பார். நான் எதையாவது நீட்டினா வாங்க மாட்டார். கை அப்படியே அந்தரத்துல நிக்கும்.” அவள் கையை நீட்டியே காட்டினாள். நடிப்பு இல்லை, நடிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போகும் நேரம் உண்டு. “அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒரு நாள் ஒத்திகை முடிஞ்சு பஸ் ஸ்டாப்ல நிக்கறேன். பொழுது சாயற நேரம். எதிர்ல வர்றார். கையை ஆட்டறேன், சிரிக்கறேன். என் தோள்ல இடிக்கற தூரம். என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே தாண்டிப் போயிட்டார்.”

“நீங்க கூப்பிடலையா?” என்றேன்.

“கூப்பிட்டாத்தான் திரும்புவார்னா, அப்படித் திரும்பி என்ன பிரயோஜனம்?”

மறுநாள் வீட்டைவிட்டு வந்துவிட்டாள். இரண்டு வருடம் ஆகிறது. அவரும் ஏன் என்று கேட்கவில்லையாம். தன் பக்கம்தான் சரி என்பதற்கு அதையே அத்தாட்சியாக வைத்திருந்தாள்.

சித்தி படங்களிலிருந்து தலையைத் தூக்கினார். “எல்லாத்துலயும் நீலச் சால்வை. எல்லாக் காட்சிக்கும் இதே உடைதானா?”

“பகல் காட்சிக்கு நீலம். மாலைக் காட்சிக்கு சிவப்பு. ஒண்ணு வேர்வையில நனைஞ்சா அடுத்ததுக்கு...” பேச்சு நின்றது. ஆறு படங்களையும் மறுபடி பார்த்தாள். “எல்லாமே பகல் காட்சி!”

“இந்தக் கடைசிப் படத்துல சால்வையோட ஓரம்கூடத் தெளிவாத் தெரியுது. கோணலா இருக்கே?”

“அவர் கடைசியா எனக்குத் தெச்சுக் கொடுத்தது. ஊருக்கெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி வெட்டற கை, எனக்குன்னா அவ்வளவு அலட்சியம்.” எழுந்துகொண்டாள். “நாடகத்துல நான் ஏழைப் பொண்ணு. கோணல் பொருத்தமா இருக்குன்னு டைரக்டர் சொன்னார். அதான் வச்சிருக்கேன். வேற ஒண்ணுமில்ல.”

யாரும் வேறு ஏதாவது என்று கேட்கவில்லை.

அவள் போனதும் சித்தி படங்களை வந்த வரிசையில் அடுக்கினார்.

“பகல்ல மட்டும் வர்றான்,” என்றேன். “சாயங்காலம் பொண்டாட்டி வெளியே விடமாட்டா. கேஸ் முடிஞ்சுது சித்தி, போர்டை உள்ளே எடுத்து வச்சிடவா?”

“வாயை மூடிக்கிட்டு வரிசையாப் பாருடா வாலு. முதல் வாரம் ஃபிளாஷ் போட்டிருக்கான். அது நாலு வரிசைகூடப் போகாது, வழுக்கையோட நின்னுபோச்சு. ரெண்டாவது வாரம் ஃபிளாஷ் இல்ல, ஆனா ஜூம் பண்ணியிருக்கான்.”

இரண்டாவது படத்தில் நடிகையின் முகத்தில் யாரோ ஒரு கூடை மணலைக் கொட்டியிருந்தார்கள்.

“மூணாவதுல ஜூம் போச்சு. லென்ஸைத் துடைக்கல.”

“அது எப்படித் தெரியும்?”

“விளக்குக்கெல்லாம் மீசை முளைச்சிருக்கு பாரு. விரல் அழுக்கு. நாலாவது வாரம் மீசையை மழிச்சாச்சு.”

நாலாவதில் விளக்கு ஒவ்வொன்றும் மண்புழுவாக நெளிந்தது. எடுத்தவர் கை ஆடியிருக்கிறது. ஐந்தாவதில் ஆட்டம் இல்லை. மேடை நாற்காலியின் ஆணியைக்கூட எண்ணலாம். ஆனால் பக்கத்தில் நடிகை வெறும் நீலப் புகையாக இருந்தாள்.

“நைட் மோடு,” என்றார் சித்தி. “போன் ரெண்டு மூணு வினாடி கண்ணை முழிச்சுக்கிட்டே இருக்கும். நிக்கறது பதியும், நடக்கறது ஆவியாப் போகும்.”

ஆறாவது படத்தை அவர் என் பக்கம் நகர்த்தினார். சுற்றிலும் இருட்டு. நடுவில் கையில் விளக்கோடு அவள். நீலச் சால்வையின் இழை, நெற்றியில் ஒட்டிய ஒரு முடி, கண்ணில் குத்திட்டு நின்ற சுடர். படத்தின் அடியில் மட்டும் மங்கலாக ஒரு மஞ்சள் பட்டை.

“கட்டைவிரல்,” என்றேன். என் சொந்த அனுபவம்.

“பித்தளைக் கம்பி. தியேட்டர்ல முன் சீட்டையும் பின் சீட்டையும் பிரிக்கறதுக்குப் போட்டிருப்பாங்க. போனை அது மேல வச்சு எடுத்திருக்கான். இடம் தெரிஞ்சுபோச்சு. ஆள்தான் தெரியணும். சரி, நீ சொல்லு. தானாக் கத்துக்கறவன் எப்படிக் கத்துப்பான்?”

“ஒரே மூச்சுல எல்லாத் தப்பையும் திருத்திப்பான்.”

“இல்ல, ஆயுசுக்கும் திருத்த மாட்டான், உன்ன மாதிரி. இவன் வாரத்துக்குச் சரியா ஒரே ஒரு தப்பைத்தான் திருத்தறான்.”

“வாத்தியார் இருக்கார்!” என்று மேஜையைக் குத்தினேன். மேஜை சாய்ந்தது. கால் அடியிலிருந்து நோட்டீஸ் வழுக்கிக்கொண்டு வந்து சித்தியின் காலடியில் விழுந்தது. அவர் எடுத்துப் பிரித்தார். பிரித்ததை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

‘இருட்டிலும் பளிச்! உங்கள் போனில் படம் எடுக்கலாம் வாங்க. சனிக்கிழமை தோறும்.’ கீழே, எங்கள் தெருக்கோடி போன் கடையின் விலாசம்.

“துப்பு மேலயே மேஜையை நிறுத்தி வச்சிருக்கே,” என்றார் சித்தி. “உங்கம்மாகிட்ட சொன்னா பெருமைப்படுவா.”

வகுப்பு போன் கடையின் பின்னால், பெட்டிகள் அடுக்கிய அறையில் நடந்தது. ஷட்டரை இறக்கினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. நடத்துகிறவள் கடைக்காரரின் மகள். வாய் ஓயாத பெண். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பி. இரண்டையும் படம் எடுக்க வேண்டும்.

“முதல்ல சட்டை நுனியால லென்ஸைத் துடைங்க. அதுவே பாதி வேலை. முழங்கையை விலாவோட ஒட்டிக்கோங்க. கையை நீட்டிக்கிட்டு எடுக்காதீங்க அண்ணே, போன் என்ன பாம்பா? சுடர் மேல விரலை வச்சு வெளிச்சத்தைக் குறைங்க, இல்லன்னா சுடர் இருக்கற இடத்துல வெள்ளை ஓட்டைதான் இருக்கும். பட்டனை அழுத்தினாலே போன் ஆடும். டைமர் போட்டுட்டுக் கையை எடுத்துடுங்க.”

எல்லாவற்றையும் செய்தேன். குப்பியும் மெழுகுவர்த்தியும் எங்கோ போய்விட, என் கட்டைவிரலின் அழகான உருவப்படம் ஒன்று கிடைத்தது.

“பயப்படாதீங்க,” என்றாள் அந்தப் பெண். “உங்களைவிட மோசமா ஆரம்பிச்சவர் இருக்கார்.”

சித்தி ஆறு படங்களையும் மெதுவாக நீட்டினார். “இவரா?”

ஷட்டர் ஏறியது. வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “எங்க வகுப்பு அண்ணனோட படம்! உங்ககிட்ட எப்படி வந்துது? நீங்கதான் அந்த நடிகைக்கு வேண்டியவங்களா? என் வகுப்புல ஒரு விதி இருக்கு, மேடம். மனுஷங்களை எடுத்தா அவங்களுக்கு ஒரு பிரதி போய்ச் சேரணும். இல்லன்னா அது திருட்டு. பாதிப் பேர் ஏமாத்திடுவாங்க. இவர் மட்டும் ஒழுங்கா வாராவாரம் கவர் வாங்கிட்டு வருவார். விலாசம் நான்தான் எழுதுவேன். ‘உங்க பேர் போடலாமா’ன்னு கேட்டேன். ‘அவங்களுக்குத் தெரிஞ்ச பேர்தாம்மா, வேண்டாம்’னுட்டார்.”

நான் நிமிர்ந்தேன். சித்தி நிமிரவில்லை. அவர் கண் அலமாரியில் இருந்த ஒரு சின்னத் துணிப்பையின்மேல் இருந்தது. உள்ளங்கை அளவு, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் போனை நிறுத்த ஒரு பள்ளம்.

“அதுவும் அவர் தெச்சதுதான்,” என்றாள் அவள். “நாலாவது வாரம் கை ஆடுதுன்னு சொன்னேன். கம்பி மேல வைக்க ஒண்ணு, எனக்குப் பரிசா ஒண்ணு தெச்சுக்கிட்டு வந்துட்டார்.”

சித்தி பையை வாங்கி விரலால் தடவினார். பிறகு ஆறாவது படத்தின் பக்கத்தில் அதை வைத்தார். சால்வையின் ஓரம் கோணிக்கொண்டு போன விதமும் பையின் தையல் கோணிக்கொண்டு போன விதமும் ஒரே கையெழுத்தாக இருந்தன.

“வீட்டுக்காரர்!” என்றேன். “அந்த அலட்சியப் பேர்வழி!”

“அலட்சியமாத் தைக்கறவன் தையலை எட்ட எட்டப் போடுவான்டா. இதைப் பாரு. எவ்வளவு பொடிசு, எவ்வளவு நெருக்கம். ஒவ்வொரு தையலும் உசிரைக் கொடுத்துப் போட்டது. ஆனா எங்க போகுதுன்னு அந்தக் கைக்குத் தெரியல.” பையைக் கீழே வைத்தார். “சாயங்காலமானா வீட்டுல எல்லா லைட்டையும் போட்டுக்கிட்டு உக்காருவாராம். நீட்டினதை வாங்க மாட்டாராம். பொழுது சாஞ்சா பெண்டாட்டி முகம் தெரியாதாம். பகல் காட்சிக்கு மட்டும் வருவாராம். இன்னும் என்னடா சொல்லணும் உனக்கு?”

நான் பையை எடுத்து அந்தத் தையலைத் தடவிப் பார்த்தேன்.

“இருட்டினா அவருக்குக் கண் தெரியாது. தியேட்டர்ல விளக்கை அணைச்சா மேடையும் சுவரும் ஒண்ணுதான். அதான் போன். இந்தப் படங்கள்ல இன்னொண்ணு பார்த்தியா? கடைசிப் படம் தவிர, முகம் தெரியறதுல எல்லாம் அவ வாயைத் திறந்திருக்கா. கண்ணால பார்த்து எடுக்கறவன் அழகா நிக்கும்போது எடுப்பான். இவர் சத்தம் வர்ற பக்கம் திருப்பிவச்சு எடுக்கறார்.”

“முதல் நாள் வந்தப்ப ஒண்ணு கேட்டார், மேடம்,” என்றாள் கடைக்காரர் மகள். குரலில் இருந்த மலர்ச்சி போய்விட்டிருந்தது. “‘இருட்டுல எடுத்ததை வெளியே வெயில்ல கொண்டுபோய்ப் பார்க்கலாமில்ல?’ன்னு. என்ன கேள்விடா இதுன்னு நினைச்சேன். எங்க வேணாலும் பார்க்கலாம் அண்ணேன்னு சிரிச்சேன்.”

“கடைசிப் படத்துல அவ பேசல. அதை எப்படிக் குறி வச்சார்?” என்றார் சித்தி.

“அவ எப்ப நிப்பா, எங்க நிப்பா, எவ்வளவு நேரம் நிப்பான்னு அத்தனையும் மனப்பாடம்னார்.”

“பார்த்துட்டு சந்தோஷப்பட்டாரா?”

அந்தப் பெண் மெழுகுவர்த்தியை எடுத்து ஓரமாக வைத்தாள். குப்பியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு மறுபடி மாற்றி வைத்தாள்.

“எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், மேடம். பிரிண்ட் போட்டு, வாசல்ல வெயில்ல நின்னுக்கிட்டிருந்தார், ஓடிப்போய்க் கையில கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். ‘எவ்வளவு தெளிவா இருக்கு’ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் கவனிச்சேன். அவசரத்துல நான் கொடுத்தது பின்பக்கம். வெறும் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்துக்கிட்டு நின்னார்.”

அறையில் ஒரு போன் மட்டும் எங்கோ விட்டுவிட்டு ஒலித்தது. யாரும் எடுக்கவில்லை.

“நான் சொல்லல,” என்றாள். “நீங்க சொல்லியிருப்பீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்கு முன்னதாகவே போய்விட்டோம். வெளியே குழுவின் வேன் நின்றது. அதன் தலையில் பெட்டிகளையும் திரைச்சுருளையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. பித்தளைக் கம்பிக்குப் பின்னால், நடைபாதையை ஒட்டிய முதல் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எதிரே கம்பியின்மேல் மணல் பை, அதன் பள்ளத்தில் போன். வழக்கு தொடங்கியபோது, வில்லனைப் பிடிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் என் வலது காலைத் தயாராக வைத்திருந்தேன், ஓடுவதற்கு. இப்போது அந்தக் கால் தரையைவிட்டு நகரவே இல்லை.

சித்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாஸ்டர் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். கொஞ்சம் அதிகமாகத் திரும்பிவிட்டார். சித்தியைத் தாண்டி என் தோளைப் பார்த்துச் சிரித்தார்.

“படம் எடுக்கக் கூடாதுங்களா? யாருக்கும் தொந்தரவு இல்லாம ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன். ஃபிளாஷ் போட மாட்டேன்.”

“எடுங்க மாஸ்டர்,” என்றார் சித்தி.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. “அவ அனுப்பினாளா?”

“யாரோ பயமுறுத்தறாங்கன்னு நினைச்சு எங்ககிட்ட வந்தா.”

“பயந்துட்டாளா?” பதறிப்போய்விட்டார். “ரசிகர் யாரோன்னு நினைச்சுப்பான்னு... சேச்சே. அந்தப் பொண்ணு விதின்னு சொல்லுச்சு, நானும் சரிதானேன்னு... பயந்துட்டாளா பாவம்.”

“எப்பலேர்ந்து மாஸ்டர்?”

“இருட்டுல தடுமாற ஆரம்பிச்சது ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. பரம்பரை. எங்கண்ணனுக்கும் இதேதான்.” போனின் நுனியை விரலால் சரி செய்தார். “எங்கண்ணி பாடுவாங்க. கச்சேரிக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்புவாங்க, அவ்வளவு நல்லாப் பாடுவாங்க. அண்ணனுக்குக் கண்ணு போனப்புறம் ஒரு பாட்டுக்கூட நான் கேட்டதில்ல. படி இருக்கு, பள்ளம் இருக்கு, இந்தப் பக்கம் வாங்க... அவங்க வாயில அது மட்டும்தான் மிச்சம். இவளை அப்படி ஆக்கச் சொல்றீங்களா?”

“பஸ் ஸ்டாப்ல அவ உங்களைப் பார்த்து சிரிச்சாளாம். நீங்க தாண்டிப் போயிட்டீங்களாம்.”

“எந்த பஸ் ஸ்டாப்?” என்றார் அவர்.

சித்தி சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் அந்தப் பித்தளைக் கம்பியையே துடைத்துக்கொண்டிருந்தார், சட்டை நுனியால்.

“சிரிச்சாளா,” என்றார் கடைசியில். “அதுக்கா போனா? நான் வேற என்னென்னமோ நினைச்சுக்கிட்டிருந்தேன்.” பிறகு அவசரமாக, “சொல்லிடாதீங்க மேடம். யாரோ ரசிகர், வெளியூர்க்காரர், போயிட்டார்னு சொல்லுங்க. தெரிஞ்சா அவ வேன்ல ஏற மாட்டா. எனக்கு அவளைத் தெரியும்.”

“நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்,” என்றார் சித்தி.

எழுந்து பின்னால் வந்து என் காதைப் பிடித்தார். “ஓடு. நாடகம் முடிஞ்சதும் வேஷத்தைக் கலைக்காம நேரா கீழே அரங்கத்துக்கு வரச் சொல்லு. ஆளைக் காட்டறேன்னு சொல்லு. வாயைத் திறக்காம வரணும்னு சொல்லு.”

“சொல்ல மாட்டேன்னீங்களே சித்தி?”

“சொல்லப் போறது யாருடா?”

விளக்குகள் அணைந்தன. நாடகத்தின் கதையை நான் சரியாகக் கவனிக்கவில்லை. எனக்கு முன்வரிசையில் மாஸ்டர் அவள் வசனங்களை உதடு அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சியில் அவள் விளக்கோடு வந்து நின்றாள். பேச்சில்லை, அசைவில்லை. அவர் கை போனைத் தொட்டது, டைமரைத் தட்டியது, விலகியது. மூச்சை அடக்கிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அடக்கிக்கொண்டேன். ஊருக்குப் போகிறவளின் கடைசிப் படம். எடுப்பவரால் பார்க்க முடியாத படம்.

கைதட்டல். திரை. அரங்கத்தின் எல்லா விளக்குகளும் பளீரென்று எரிந்தன.

ஜனங்கள் எழுந்து, சோம்பல் முறித்து, குழந்தைகளை அதட்டிக்கொண்டு வெளியே போனார்கள். பெருக்குகிற அம்மாள் கடைசி வரிசையிலிருந்து இருக்கைகளை மடக்கத் தொடங்கினாள். அவர் எழுந்திருக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மணல் பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர், கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மேடையின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. நடிகை இறங்கி வந்தாள். நீலச் சால்வை, பூச்சு கலையாத முகம். அவரைப் பார்த்தாள். நடை நின்றது. முகத்தில் வந்தது கோபம்தான். இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்த கோபம். வாயைத் திறந்தாள்.

சித்தி உதட்டில் விரலை வைத்தார்.

செருப்புச் சத்தம் கேட்டு அவர் தலையைத் தூக்கினார். நேராக அவளைப் பார்த்தார். அவள் அவருக்கு நான்கைந்து அடி எதிரே நின்றாள். தலைக்குமேல் அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

“தம்பி,” என்றார் அவர், பொதுவாக, காற்றைப் பார்த்து. “லைட் போட இன்னும் நேரமாகுமா?”

“சித்தி,” என்றேன். வெளியாள் இருக்கும்போது. அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடிகை மேலே விளக்குகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மெதுவாக, எதையோ சோதிப்பவள்போல, ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். பஸ் ஸ்டாப்பில் ஆட்டியிருப்பாளே, அப்படி. சிரிக்கக்கூட முயற்சி செய்தாள். அவர் முகம் அசையவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது.

தூக்கிய கையை அவளால் இறக்க முடியவில்லை. அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. யாரோ அவள் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்து வந்து அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இடத்துக்காக அவர் கையை நகர்த்தியபோது விரலில் சால்வையின் ஓரம் பட்டது. நகர்ந்த கை நின்றது. கட்டைவிரல் அந்தத் தையல் வழியே ஊர்ந்து போய், அது கோணுகிற இடத்தில் தங்கிவிட்டது. அந்த இடம் அவருக்குத் தெரியும்.

அவர் சால்வையை விடவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது, இந்த முறை நீளமாக.

“வண்டி கூப்பிடுது,” என்றார். “நீ கிளம்பலையா?”

பெருக்குகிற அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் துடைப்பத்தை வாங்கிக்கொண்டேன்.

“இன்னும் லைட் போடல,” என்றாள் நடிகை. “உக்காருங்க. போட்டதும் போகலாம்.”